இறக்கையில்லாத விமானத்தின் பயணி

பிப்ரவரி 3, திங்கள்

இருபத்தாறு வருடமாகப் பஸ் ஓட்டுகிறவன், இன்று சீட் பெல்ட்டைக் கழற்றத் தெரியாமல் மாட்டிக்கொண்டேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் நாளைக்குள் இன்னொரு டிரைவர் மைல்சாமி எப்படியும் ஊரெல்லாம் சொல்லிவிடுவான். அதற்கு முன்னால் நானே எழுதிவிட்டால் கொஞ்சம் மரியாதை மிஞ்சும்.

என் பேர் நாச்சிமுத்து. கோயமுத்தூருக்கு வெளியே ஒரு கல்லூரியில் பஸ் டிரைவர். படிப்பு ஐந்தாவது. எங்கள் கல்லூரியில் விமான வேலைக்குப் போகிறவர்களுக்கென்று பட்டப்படிப்பு இருக்கிறது. பைலட் ஆகப்போகிற பிள்ளைகள் ஒரு பக்கம், விமானத்துக்குள் பயணிகளைப் பார்த்துக்கொள்ளப் போகிற பிள்ளைகள் ஒரு பக்கம். இவர்கள் பழகுவதற்காக எங்கிருந்தோ ஒரு பழைய விமானத்தின் முன்பாதியை லாரியில் ஏற்றி வந்து, ஹாஸ்டலுக்குப் பின்னால் சிமெண்டுத் தூண்கள் மேல் நிறுத்தியிருக்கிறார்கள். இறக்கை கிடையாது, வால் கிடையாது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் மேகத்துக்குப் பதிலாகக் கேன்டீன்காரர்கள் காயப்போட்ட அப்பளம் தெரியும்.

பிள்ளைகள் ஒருவருக்கொருவர் பயணியாக நடித்தால் சிரிப்பு வந்துவிடுகிறதாம். அதனால் பாடம் நடத்துகிற ரேச்சல் மேடம், காலை டிரிப்புக்கும் சாயங்கால டிரிப்புக்கும் நடுவே மரத்தடியில் படுத்துக் கிடக்கும் டிரைவர்களான எங்களைப் பயணிகளாகக் கூட்டிப்போனார். மைல்சாமி விமானத்துக்குள்ளும் தூங்கினான். நான் முழித்திருந்த குற்றத்துக்கு என்னை நிரந்தரப் பயணி ஆக்கிவிட்டார்.

வகுப்பு முடிந்து எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள். நான் பெல்ட்டை அமுக்கினேன், இழுத்தேன், வயிற்றை எக்கிக் கீழ்ப்பக்கமாக நழுவப் பார்த்தேன். கூப்பிட வெட்கம். என் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிள்ளைகள் டிரைவரைக் காணோம் என்று ஹாரன் அடிக்க ஆரம்பித்த பிறகு, பர்வீன் என்கிற பிள்ளைதான் வந்து எட்டிப் பார்த்தது. "அந்தத் தகட்ட மேல தூக்குங்கண்ணா" என்றது. தூக்கினேன். வந்துவிட்டது.

"சும்மா உக்காந்து பாத்தேன் அம்மிணி" என்றேன்.

மேடம் எனக்கு ஒரு டைரி கொடுத்திருக்கிறார். வகுப்பு முடிந்ததும் பயணியின் மனநிலை என்ன என்று எழுத வேண்டுமாம், பிள்ளைகளுக்கு உதவுமாம். இன்றைய பயணியின் மனநிலை: பசி.

பிப்ரவரி 5, புதன்

வகுப்புக்கு முன்னால் மேடம் ஒரு துண்டுச் சீட்டு தருவார். அதில் நான் யார் என்று எழுதியிருக்கும். இன்று குடிகாரன். எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது, ஆனால் மச்சான் இருக்கிறார். அவரை அப்படியே இறக்கினேன். ஜன்னலைத் திறக்கச் சொன்னேன், அடுத்த ஸ்டாப்பில் இறக்கிவிடச் சொன்னேன், பைலட்டுக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டேன். பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள்.

பர்வீன் மட்டும் சிரிக்கவில்லை. உடுமலைப் பிள்ளை. எல்லாவற்றையும் பரீட்சை மாதிரியே பார்க்கும். குரல்தான் சிக்கல். மூன்றாவது வரிசைக்கு மேல் கேட்காது. இந்தப் பாடத்தில் தேறாவிட்டால் படிப்பு முடியாது, சத்தமாகப் பேசு என்று மேடம் தினமும் சொல்கிறார். நான் பர்வீனுக்கு மைக் இல்லாத மேடம் என்று பேர் வைத்திருக்கிறேன். கோபித்துக்கொள்ளும், ஆனால் கோபித்துக்கொள்வதும் கேட்காது.

பிப்ரவரி 9, ஞாயிறு

பஸ்ஸுக்குக் கிரீஸ் அடித்தேன். வாழைக்குத் தண்ணீர் விட்டேன்.

மகள் கோகிலவாணி ஷார்ஜாவிலிருந்து போன் செய்தாள். தலைப்பிரசவம், மார்ச் கடைசியில் தேதி சொல்லியிருக்கிறார்கள். மாப்பிள்ளைக்கு அம்மா இல்லை. அவர் வேலைக்குப் போனால் பொழுது சாயும்போதுதான் வருவார். அதனால் எனக்கும் துளசிமணிக்கும் டிக்கெட் போட்டுவிட்டாராம், மார்ச் 15. நான் பத்து நாளில் திரும்பிவிடலாம், துளசிமணி மூன்று மாதம் இருந்து பார்த்துக்கொள்வாள்.

நல்ல ஏற்பாடு. எனக்கு லீவு கிடைப்பதுதான் கஷ்டம். துளசிமணியிடம் அப்படித்தான் சொன்னேன். நீ முன்னால் போ, நான் பொறுத்து வருகிறேன் என்றேன்.

அவளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், அவ்வளவுதான். "ஏனுங்க, நீங்க வராம நான் ஒரு எட்டுக்கூட எடுத்து வெக்க மாட்டனுங்க" என்று சொல்லிவிட்டுக் கறிவேப்பிலை உருவப் போய்விட்டாள்.

பிப்ரவரி 13, வியாழன்

ஒரு கல்யாணத்துக்காகக் கோபிக்கு மச்சான் காரில் போய் வந்தோம். மச்சான் ஓட்டினார், நான் முன் சீட்டில். அவினாசி தாண்டுவதற்குள் என் வலது கால் மிதியடியைச் சுருட்டிவிட்டது. எதிரே லாரி வந்தால் என் கால் தானாக அமுக்கும். "பிரேக், பிரேக்" என்று வாய் சொல்லும். டிரைவர் ஜாதிக்கே உள்ள வியாதி இது. அடுத்தவன் கையில் ஸ்டியரிங் இருந்தால் நமக்கு உட்கார முடியாது.

பெருந்துறையில் மச்சான் வண்டியை ஓரங்கட்டி இறங்கி, சாவியை என் மடியில் போட்டார். "மாமா, நீங்களே ஓட்டுங்க. உங்க காலப் பாத்துப் பாத்து எனக்கு வண்டி ஓட்டறதே மறந்துபோச்சு."

திரும்பி வரும்போதும் நான்தான் ஓட்டினேன். பிரயாணம் சுகமாக இருந்தது.

பிப்ரவரி 14, வெள்ளி

பைலட் படிக்கிற பையன்கள் பழகும் அறையில் டி.வி. மாதிரி பெரிய திரை, முன்னால் ஸ்டியரிங், சீட் எல்லாம் இருக்கிறது. இன்று ஒரு பையன் என்னை உட்காரவைத்தான். மூன்று முறை ஆற்றில் இறக்கினேன். ஒரு முறை தென்னந்தோப்பில். கொஞ்சம்கூடப் பதற்றம் இல்லை, சந்தோஷமாக இருந்தது. ஸ்டியரிங் நம் கையில் இருந்தால் எங்கே விழுந்தாலும் மனசு சங்கடப்படாது.

பிப்ரவரி 18, செவ்வாய்

இன்று லைஃப் ஜாக்கெட் பாடம். விமானம் தண்ணீரில் இறங்கினால் பயணி மிதப்பதற்கு. சீட்டுக்கு அடியில் பொட்டலமாக இருக்கும். எடுத்துக் கழுத்தில் மாட்ட வேண்டும். முன்னால் ஒரு சிவப்புப் பிடி தொங்கும். அதை இழுத்தால் உள்ளே இருக்கும் சின்னக் காஸ் குப்பி அதை ஊதிவிடுமாம். எங்களிடம் இருப்பவை குப்பி கழற்றிய பழசு. இழுத்தால் ஒன்றும் ஆகாது. அதனால் நான் பிடியை இழுத்துவிட்டுக் கன்னம் இரண்டையும் உப்பிக் காட்டினேன். பலத்த கைத்தட்டல். திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னார்கள், நானும் செய்தேன்.

"கதவத் தாண்டி வெளிய வந்ததுக்கு அப்புறந்தான் இழுக்கணுங்கண்ணா" என்று பர்வீன் சொன்னது. எனக்கு மட்டும் கேட்டது.

வகுப்பு முடியும்போது தரையிறங்குகிற அறிவிப்பு சொல்லிப் பழகினார்கள். அப்போது பர்வீன் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அண்ணா, காலுல என்னங்க அமுக்கறீங்க?"

"எறும்பு" என்றேன்.

பிப்ரவரி 20, வியாழன்

கைக்குழந்தையோடு வரும் தகப்பனாக நடித்தேன். பொம்மையைப் பை வைக்கும் தட்டில் வைத்து மூடியதற்குத் திட்டு வாங்கினேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

காது கொஞ்சம் வலிக்கிற மாதிரி இருந்தது. காதில் கோளாறு இருந்தால் விமானத்தில் போகக்கூடாது என்று ரேச்சல் மேடம் வகுப்பில் சொல்லியிருந்தார். எதற்கும் பார்த்துவிடுவோம் என்று நேற்றுக் காது டாக்டரிடம் போனேன். டாக்டர் இரண்டு காதுக்குள்ளும் லைட் அடித்துப் பார்த்துவிட்டு, இந்த வயதில் இவ்வளவு சுத்தமான காதைப் பார்த்ததில்லை என்றார். இன்னொரு முறை பார்க்கிறீர்களா என்று கேட்டேன். தேவையே இல்லை, சந்திரனுக்கே போகலாம் என்றார்.

நல்ல செய்திதான்.

துளசிமணி லீவு கேட்டாச்சா என்றாள். மேனேஜர் நல்ல மனநிலையில் இல்லை என்றேன். இது மூன்றாவது வாரமாக அவர் நல்ல மனநிலையில் இல்லை.

பிப்ரவரி 27, வியாழன்

சாயங்காலம் கோகிலாவிடம் பேசினோம். அம்மா தனியாக வந்தால் சக்கர நாற்காலி கேட்டு வாங்கலாம், ஏறுகிற இடத்திலிருந்து இறங்குகிற இடம் வரைக்கும் அவர்களே தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள், பாடத்திலேயே இருக்கிறது என்று நான் எடுத்துச் சொன்னேன். துளசிமணி கரண்டியைக் கீழே வைத்தாள். "என்ற காலுக்கு என்னங்க கேடு?" என்றாள். நல்ல கால்தான், ஒத்துக்கொண்டேன்.

கோகிலா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "வரமுடியாதுன்னா இப்பவே சொல்லிருங்கப்பா. நான் மனசத் தேத்திக்கறேன். கடைசி நாள்ல சொன்னாத்தான் தாங்காது" என்றாள்.

லைன் சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இருட்டுவதற்குள் பஸ்ஸைக் கழுவினேன். காலையில்தான் கழுவியிருந்தேன். இருந்தாலும் இன்னொரு முறை கழுவியதில் தப்பில்லை.

மார்ச் 4, செவ்வாய்

தேர்வு. வெளியிலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். வெள்ளை முடி, நிமிர்ந்த நடை, காலமெல்லாம் விமானத்திலேயே வேலை பார்த்தவராம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பயணி, ஒரு சிக்கல். பர்வீன் முறைக்கு எனக்கு வந்த சீட்டு: முதல் தடவை ஏறுகிறவர், கதவு மூடியதும் இறங்க வேண்டும் என்கிறார்.

ரொம்பச் சுலபம் என்று நினைத்தேன். கண்ணை உருட்டுவது, மாரியாத்தாளைக் கூப்பிடுவது, முன் சீட்டைக் கட்டிப்பிடித்துக்கொள்வது என்று மூன்று அயிட்டம் தயாராக வைத்திருந்தேன். பக்கத்துச் சீட்டில் மைல்சாமி.

வகுப்பு நாட்களில் உள்ளே ஏசி இல்லாததால் கதவைத் திறந்தே போட்டிருப்போம். இன்று தேர்வு என்பதால் நிஜமாகவே மூடினார்கள். கனத்த கதவு. பூட்டுத் திரும்புகிற சத்தம் கேட்டது. கதவு வழியாக வந்த, அப்பளம் காய்கிற வெளிச்சம் போய்விட்டது.

நான் தயார் செய்ததில் எதுவும் நடக்கவில்லை. எழுந்து நின்றேன். "கதவத் தொறங்க அம்மிணி" என்று சொன்னேன். மூன்று தடவை சொன்னதாக மைல்சாமி சொல்கிறான். உள்ளே புழுக்கம். சட்டை முழுக்க நனைந்துவிட்டது.

பர்வீன் வந்தது. நிற்கவில்லை, என் சீட்டுக்குப் பக்கத்தில் தரையில் குந்தி உட்கார்ந்தது. என்னவோ சொன்னது. வழக்கம் போலக் கேட்கவில்லை. கேட்பதற்காக நான் குனிய வேண்டியிருந்தது, குனிவதற்காக உட்கார வேண்டியிருந்தது.

"நீங்க வண்டி ஓட்டறவருங்களா?" என்றது.

ஆமாம் என்றேன்.

"அப்ப எனக்கு ஒரு ஒத்தாசை பண்ணுங்க. பக்கத்துல இருக்கறவருக்கு இதான் மொதோ தடவை. பெல்ட்டே போடத் தெரியல பாருங்க. நான் முன்னால போயி வேலையப் பாக்கோணும். கீழ எறங்கற வரைக்கும் இவர நீங்க பாத்துக்கறீங்களா?"

மைல்சாமியைப் பார்த்தேன். அவன் பெல்ட்டு முறுக்கிக்கொண்டு கிடந்தது. எடுத்து நேராக்கிப் போட்டுவிட்டேன். தகட்டை மேலே தூக்கினால்தான் கழலும் என்று காட்டினேன். மூச்சை இழுத்துவிடச் சொன்னேன். அவன், "எனக்கு ஒன்னுமில்லையப்பா" என்றான். பயப்படுகிறவர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று சொல்லி இரண்டு முறை மூச்சு விடவைத்தேன். தண்ணீர் குடிக்கவைத்தேன். அவன் பிள்ளைகளைப் பற்றி விசாரித்தேன். அவனுக்கு இரண்டு என்று எனக்கு முன்பே தெரியும், இருந்தாலும் விசாரித்தேன். அதற்குள் கதவைத் திறந்துவிட்டார்கள்.

வெள்ளை முடி அம்மா என்னிடம் வந்து, இவ்வளவு தத்ரூபமாகப் பயந்தவரை எந்தக் கல்லூரித் தேர்விலும் பார்த்ததில்லை, எந்த நாடகக்குழு என்று கேட்டார். ஒன்பதாம் நம்பர் பஸ் என்றேன். நடிப்பு நன்றாக வந்ததென்று எல்லோரும் சொன்னார்கள். ரேச்சல் மேடம் மட்டும் ஒரு தண்ணீர்ப் பாட்டிலைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

பர்வீனுக்குத்தான் வகுப்பில் முதல் மார்க். குரல் சின்னது என்று ஒரு மார்க்கும் குறைக்கவில்லை.

சாயங்காலம் அது பஸ்ஸில் எனக்குப் பின்னால் முதல் சீட்டில் உட்கார்ந்தது. வழக்கமாகக் கடைசியில் உட்காரும். ஷார்ஜா விஷயத்தை மைல்சாமி சொல்லியிருப்பான் போல. காந்திபுரத்தில் இறங்கும்போது கேட்டது.

"உங்க டிக்கெட்டு எப்பங்ணா?"

"பதினஞ்சு."

"லீவு கேட்டாச்சுங்களா?"

கியர் சரியாக விழவில்லை, அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பக்கத்து சீட்டுல யாராச்சும் ஒருத்தர் பயந்தவரு கட்டாயம் இருப்பாருங்ணா" என்றது. பின்னால் நின்ற வண்டிகளெல்லாம் ஹாரன் அடித்தன. ஆனாலும் அது சொன்னது எனக்குக் கேட்டது.

மார்ச் 5, புதன்

லீவு கேட்டேன். மேனேஜர் செல்போனிலிருந்து தலையைத் தூக்காமலே சரி என்றார்.

இவ்வளவு நாள் கிடைக்காது என்று சொன்னது யார் என்று துளசிமணி கேட்டாள். மைல்சாமி என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 12, புதன்

பர்வீன் வீட்டுக்கு வந்து எங்கள் பெட்டியைச் சோதனை போட்டது. துளசிமணி பிள்ளை பெற்றவளுக்கான மருந்துச் சாமான், பெருங்காயம், கொள்ளு, கொப்பரை, கசகசா என்று ஒரு மளிகைக் கடையையே அடுக்கியிருந்தாள். கொப்பரையை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள் என்று அது வெளியே எடுத்தது. கசகசா அந்த நாட்டில் குற்றம், பிடித்தால் உள்ளே போட்டுவிடுவார்கள் என்று அதையும் எடுத்தது. கசகசாவுக்கு ஜெயிலா என்று துளசிமணிக்கு நம்பிக்கையே வரவில்லை. கொழம்பு வைத்தால் தூக்கிலே போடுவார்கள் போலிருக்கிறது என்று நான் சொன்னேன்.  துளசிமணி பர்வீனுக்கு மட்டும் வெல்லம் போட்ட கச்சாயம் சுட்டுப் போட்டாள்.

போகும்போது அந்தப் பிள்ளை, அடுத்த வாரம் ஹைதராபாத்தில் ஒரு விமானக் கம்பெனி நேர்காணல் என்றது. சத்தமாகப் பேசாதே, அவர்களைக் குனிய வை என்றேன். முதல் தடவையாகச் சிரித்தது. அது மட்டும் நன்றாகக் கேட்டது.

மார்ச் 14, வெள்ளி

பஸ் சாவியை மைல்சாமியிடம் கொடுத்தேன். இரண்டாவது கியர் இறுக்கம் என்று சொன்னேன். திரும்பி வந்து ஹாரனைப் பற்றிச் சொன்னேன். மறுபடி வந்து கண்ணாடியைப் பற்றிச் சொன்னேன். "போயிட்டு வாப்பா" என்றான்.

மார்ச் 16, ஞாயிறு, ஷார்ஜா

நேற்று முழுதும் எழுத நேரமில்லை.

விமானத்தில் துளசிமணி ஜன்னலோரம், நான் நடுவில். இந்தப் பக்கம் ஒரு பையன், கட்டட வேலைக்குப் போகிறான், தாராபுரம் பக்கம், பேர் சின்னராசு. கதவை மூடினார்கள். அதே சத்தம். இந்த விமானத்தில் எனக்குத் துண்டுச் சீட்டு எதுவும் தரவில்லை, என்னவாக நடிப்பது என்று.

வலது கால் அமுக்க ஆரம்பித்தது. துளசிமணி ஜன்னலில் மூக்கை வைத்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டாலும் திரும்பமாட்டாள்.

பர்வீன் சொன்ன ஆளைத் தேடிப் பக்கத்தில் பார்த்தேன். சின்னராசு பெல்ட்டின் ஒரு முனையைத் தன் சீட்டிலிருந்தும் மறு முனையை என் சீட்டிலிருந்தும் எடுத்து மாட்டப் பார்த்துக்கொண்டிருந்தான். 

"மொதோ தடவையா கண்ணு?" என்றேன்.

"ஆமாங்க மாமா. நீங்க நெறய போயிருக்கீங்களா?"

"ஒண்ணரை மாசமா வாரத்துக்கு ரெண்டு நாளு விமானத்துலதான் இருக்கறேன்" என்றேன். இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

பெல்ட்டைப் போட்டுவிட்டேன். கழற்றுவதையும் காட்டினேன், அது முக்கியம். காது அடைத்தால் வாயைத் திறந்து திறந்து மூடச் சொல்லி நானும் மூடிக் காட்டினேன். அவன் ஊரில் மழை எப்படி என்று கேட்டேன். அவன் அக்காவுக்கு மாப்பிள்ளை அமையாத கதை பாதி வரும்போது துளசிமணி என் தோளைத் தட்டினாள். கீழே பார்த்தால் பாலக்காட்டு மலை காலுக்கடியில் போய்க்கொண்டிருந்தது. எப்போது தரையை விட்டோம் என்று தெரியவில்லை. கால் என்ன செய்தது என்றும் தெரியவில்லை.

கோகிலாவுக்கு இன்னும் வலி வரவில்லை. விமான நிலையத்துக்கே வந்துவிட்டாள், வயிற்றைத் தாங்கிக்கொண்டு. என்னைப் பார்த்ததும் அழுதாள், பிறகு ஏனப்பா சட்டை இப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

அதைத்தான் எழுத வேண்டும். ரேச்சல் மேடத்துக்கு ஒரு குறிப்பு.

கடலுக்கு மேலே போகும்போது சின்னராசு, தண்ணிக்குள்ள விழுந்தா என்னங்க மாமா பண்றது என்று கேட்டான். பார்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்ட பிறகு பதில் சொல்லாமல் இருக்க முடியாது. சீட்டுக்கு அடியிலிருந்து லைஃப் ஜாக்கெட்டை எடுத்துக் கழுத்தில் மாட்டிக் காட்டினேன். சிவப்புப் பிடியை இழுத்தேன். கன்னத்தையும் உப்பினேன்.

நிஜ விமானத்தில் குப்பி இருக்கிறது. சட்டென்று வேலை செய்கிறது. நான் மஞ்சளாக, நாலு ஆள் அகலத்துக்கு வந்துவிட்டேன். துளசிமணி அப்போதுதான் புளிச்சோற்று டப்பாவைத் திறந்திருந்தாள். என் முழங்கை பட்டுப் பாதிச் சோறு என் சட்டையில் கொட்டியது, மீதியோடு டப்பா முன் சீட்டுக்கு மேலே போனது. பணிப்பெண் ஓடி வந்து இங்கிலீசில் நிறையச் சொன்னார், நல்ல குரல்வளம். துளசிமணி என்னை மேலும் கீழும் பார்த்து, "ஏனுங்க, எறங்கறக்கு இன்னும் நேரமிருக்குதல்லங்க?" என்றாள்.

முன் சீட்டில் இருந்தவருக்கு வழுக்கை. பருக்கைகளைப் பொறுக்குவது அவ்வளவு சிரமமாக இல்லை.